அப்பாவின் .315 ரைஃபிளை வைத்துக்கொள்வதா, முப்பது-நாட்-ஆறு வாங்குவதா?

ஏலக்காடு

எல்லாருக்கும் வணக்கம். பூர்வீகம் போடி. இருப்பது மேட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் உடும்பஞ்சோலைத் தாலுகாவில். பதினான்கு ஏக்கர் ஏலம், ஓரத்தில் கொஞ்சம் மரவள்ளி. பன்றித் தொல்லையைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2022 மே மாதம் கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே பன்றியைச் சுட உத்தரவு போடும் அதிகாரத்தைக் கொடுத்த பிறகு, எங்கள் பஞ்சாயத்தின் சுடுவோர் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. இதுவரை 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கிதான்.

இப்போது விஷயம். அப்பாவுக்கு 74 வயது. அவரிடம் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த .315 ரைஃபிள் ஒன்று நாற்பது வருடமாக இருக்கிறது. கை நடுங்குகிறது, நீயே உன் பெயருக்கு மாற்றிக்கொள் என்கிறார். அதே நேரம் பக்கத்துத் தோட்டக்காரர் எல்லாவற்றையும் விற்றுவிட்டு மகனோடு கோட்டயம் போகிறார். அவரிடம் ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) போட்ட .30-06, அதாவது முப்பது-நாட்-ஆறு, ஒன்று உண்டு. கேட்டால் எனக்குத்தான் முதலில் தருவார்.

ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிதான். பரம்பரையாக வந்தாலும் கணக்கு அதே இரண்டுதான். ஒன்று ஏற்கனவே 12 போர். ஆக, இன்னும் ஒரே ஒரு இடம். பன்றிக்கும் ஆக வேண்டும், மாதம் இரண்டு ஞாயிறு ரைஃபிள் கிளப்பில் குறி சுடுவதற்கும் ஆக வேண்டும். எதை எடுக்கலாம்?

பழைய சிப்பாய்

தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முப்பது-நாட்-ஆறை எடுத்துக்கொள்ளுங்கள்.

.315 என்பது 8×50 மேன்லிகர் தோட்டா, ஆஸ்திரியாக்காரன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்தது. 244 கிரெயின் (எடை அளவு) குண்டு, முனை மொட்டை, வேகம் நொடிக்கு 620 மீட்டர் அளவில். .30-06 அமெரிக்க ராணுவம் 1906-இல் எடுத்துக்கொண்டது, பெயரில் இருக்கிற ஆறே அந்த வருடம்தான். 180 கிரெயின் குண்டு நொடிக்கு 820 மீட்டருக்குப் போகும். குழல்வாயில் சக்தி பார்த்தால் .315-க்கு ஏறக்குறைய 3,000 ஜூல், .30-06-க்கு 3,900. நூறு மீட்டரில் குறி சரிசெய்துவிட்டு இருநூறில் சுட்டால் .315 குண்டு கிட்டத்தட்ட ஒரு அடி கீழே இறங்கும். .30-06 நான்கைந்து அங்குலம்தான். ஸ்கோப்பும் சேர்ந்து வருகிறது என்கிறீர்கள். அப்பா மேல் பாசம் இருக்கலாம், அதற்காகப் பழைய சாமானைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

சார் சொல்கிற கணக்கெல்லாம் சரிதானுங்க. ஆனால் இருநூறு மீட்டரில் யாருங்க பன்றி சுடுகிறார்கள்?

எங்கள் சித்தூர்த் தாலுகா சமதளம், தென்னந்தோப்பு, நெல் வயல். இங்கேயே நான் ஐம்பது அறுபது மீட்டருக்கு மேல் சுட்டதில்லை. ராத்திரி ஹெட்லைட் வெளிச்சத்தில் கண் பளபளவென்று தெரியும், அது பன்றியா பக்கத்து வீட்டு நாயா என்று உறுதியாகப் பார்க்கவே அந்தத் தூரம்தான் முடியும். ஐம்பது மீட்டரில் இரண்டு குண்டும் ஒரே இடத்தில்தான் போய் உட்காரும், வித்தியாசம் விரல் கனம் கூட இருக்காது. பன்றிக்கு 3,000 ஜூலும் ஒன்றுதான், 3,900-உம் ஒன்றுதான்.

என்னிடம் பதினோரு வருடமாக .315 இருக்கிறதுங்க. தோள் சப்பைக்குக் கொஞ்சம் பின்னால், கீழ்ப்பாதியில் பட்டால் பத்தடி கூடப் போகாது. வயிற்றில் பட்டால் எந்தத் தோட்டாவாக இருந்தாலும் விடிய விடியத் தேட வேண்டியதுதான். இன்னொன்று, தோட்டா கிடைக்க வேண்டுமே. நான் போகிற கடையில் .315 எப்போது கேட்டாலும் இருக்கும். முப்பது-நாட்-ஆறுக்கு "அடுத்த மாதம் வாங்க" என்று மூன்று முறை ஒருவரைத் திருப்பி அனுப்பியதை நானே பார்த்தேன்.

ஏலக்காடு

அண்ணா சொன்னதும் போன இரண்டு வருடக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன் (பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுப்பதால் நோட்டு வைத்திருக்கிறேன்). பெரும்பாலும் இருபத்தைந்திலிருந்து நாற்பது மீட்டர். ஒரே ஒரு தடவை எழுபது இருக்கும், அதுவும் தவறிவிட்டது. ஏலத்தட்டைக்குள் அதற்கு மேல் பார்வையே போகாது. மழைக்காலத்தில் மூடுபனி வேறு.

குட்டிமுயல்

புதியவன், தெரியாமல் கேட்கிறேன். ஏன் இந்த இரண்டுக்குள்ளேயே சுற்றுகிறீர்கள்? நல்ல .303 ஒன்று பார்க்கலாமே. என் மாமா கனடாவில் .308 வைத்துக்கொண்டு மான் சுடுகிறார், முப்பது-நாட்-ஆறை விடச் சின்னது, உதை குறைவு, அதே வேலை செய்யும் என்கிறார்.

பழைய சிப்பாய்

முயல் தம்பி, மாமா சொன்னது அவர் ஊருக்குச் சரி. .308 வந்தது 1952-இல். குண்டின் விட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான், தோட்டாக் கூட்டின் நீளம் மட்டும் 63 மில்லிமீட்டரிலிருந்து 51-ஆகக் குறைந்தது. வெடிமருந்து நன்றாகத் தேறிவிட்டதால் சின்னக் கூட்டிலேயே நொடிக்கு இருபது முப்பது மீட்டர் குறைவாக அதே குண்டைத் தள்ள முடிந்தது. அதன் ராணுவ வடிவம்தான் 7.62 நேட்டோ, நான் தோளில் வைத்துச் சுட்டது.

நம் நாட்டில் சிக்கல் அங்கேதான். நம் ராணுவத் தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய எந்த ரைஃபிளும் சாதாரண லைசென்ஸில் வராது. .303, 7.62 இரண்டும் தடைசெய்யப்பட்ட போர். .308 குழலில் 7.62 தோட்டா ஏறும், அதனால் அதுவும் அந்தக் கூடைக்குள் போய்விடுகிறது. .315 நம் ஊரில் இவ்வளவு பரவியதற்குக் காரணமே இதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் .303 தனியார் கைக்குப் போகக்கூடாது என்று வைத்தார்கள், ராணுவக் கிடங்கில் இல்லாத போராகத் தேடி இதைக் கொண்டுவந்தார்கள். நல்ல தோட்டா என்று யாரும் தேர்ந்தெடுத்து வந்ததில்லை. இதை .315 கட்சிக்காரர்கள் கவனிக்கவும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

கவனித்தேனுங்க. ரேஷன் அரிசியும் யாரும் விரும்பித் தேர்ந்தெடுத்ததில்லை, சோறு ஆகிறதுங்களே.

சித்தூர் மாந்தோப்பு

நான் ஆந்திரா சித்தூர். கொழிஞ்சாம்பாறைக்காரர் சொல்வது பாலக்காட்டுச் சித்தூர், குழம்ப வேண்டாம். எங்கள் தாத்தா காலத்திலிருந்து துப்பாக்கி பழுது பார்க்கிற குடும்பம். லைசென்ஸ் இப்போது அண்ணன் பெயரில்.

இரண்டு தோட்டாவையும் ஒப்பிட்டுக்கொண்டே போகிறீர்கள். அந்த இரண்டு துப்பாக்கியும் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று ஒருவரும் கேட்கவில்லையே. எங்களிடம் வருகிற பழைய .315-இல் பாதிக்குக் குழல் உள்ளே அரித்திருக்கும். சுட்டுவிட்டுத் துடைக்காமல் மூலையில் சாத்தி வைத்தது. எண்ணெய்த் துணி விட்டுத் துடைத்துவிட்டு, போல்ட்டை (குழலின் பின்பக்க அடைப்பை) கழற்றி, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தில் பாருங்கள். சுருள் வரி கூர்மையாகத் தெரிந்தால் கவலை இல்லை. வாய்ப்பக்கம் மழுங்கியிருந்தால் எவ்வளவு நல்ல தோட்டா போட்டாலும் குறி சிதறும்.

.315 கூட்டுக்கு அடியில் விளிம்பு உண்டு, .30-06-க்கு இல்லை. இஷாப்பூர்க்காரர்கள் பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்ட் ரைஃபிள் மாதிரியில் செய்ததால் விளிம்பு வைத்த தோட்டாவை அது நன்றாகவே விழுங்கும். ஆனால் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டும்படி அடுக்கினால் நடுவில் சிக்கிக்கொள்ளும். அப்பாவிடம் கேளுங்கள், ஒரு தடவையாவது சிக்கியிருக்கும். மேல் தோட்டாவின் விளிம்பு முன்னால் இருக்கும்படி அடுக்கினால் தீர்ந்தது.

மரக்கட்டையையும் பாருங்கள். உங்கள் மலையில் ஆறு மாதம் ஈரம். கட்டை ஊதி குழலைத் தொட்டால் ஆடியில் ஒரு குறி, தையில் ஒரு குறி என்று மாறும். ஒரு அஞ்சல் அட்டையைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு இழுத்தால் தடையில்லாமல் வர வேண்டும். ஆனால் இஷாப்பூர் .315-க்கு இந்தச் சோதனை அப்படியே பொருந்தாது, அதில் முன்பக்கம் கட்டை குழலைத் தாங்கும்படியும் அமைந்திருக்கும். ஆக, கட்டையைச் சுரண்டித் தள்ளிவிடாதீர்கள், கைதேர்ந்தவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், பெட்டியில் கிடக்கிற இருபது வருடத் தோட்டாவை நம்பிப் பன்றி முன்னால் நிற்காதீர்கள். குதிரையை (விசையை) இழுத்து "டிக்" என்று மட்டும் கேட்டால், அதே திசையில் பிடித்தபடி அரை நிமிடமாவது காத்திருந்துவிட்டுத்தான் போல்ட்டைத் திறக்க வேண்டும்.

ரேஞ்ச் அக்கா

கோயம்புத்தூரிலிருந்து. ஒன்பது வருடமாகக் குறி சுடுகிறேன், பன்றி பக்கம் போனதில்லை. கேள்வியின் இரண்டாம் பாதியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள்.

குறி சுடுவதற்கு இந்த இரண்டுமே வேண்டாம். முதலில் உங்கள் கிளப்பில் பெரிய போர் சுட இடம் இருக்கிறதா? நம் பக்கத்தில் பெரும்பாலான இடங்கள் 10 மீட்டரும் 50 மீட்டரும்தான். உலக அளவிலேயே 300 மீட்டர் ரைஃபிள் போட்டி 1972 முனிச்சோடு ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது. பிந்த்ரா 2008-இல் தங்கம் வாங்கியது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில். ஸ்வப்னில் குசாலே 2024-இல் வெண்கலம் வாங்கியது 50 மீட்டர், .22 என்கிற சின்ன போர் ரைஃபிளில்.

அடுத்தது கை. முப்பது-நாட்-ஆறு இருபது சுட்டால் தோள் கன்னிப்போகும். இருபத்தோராவதுக்குக் குதிரையைத் தொடும் முன்பே கண் சிமிட்ட ஆரம்பிக்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போக்குவதற்கு ஒரு வருடம் ஆகும் (எனக்கு ஆனது). .315 உதை கொஞ்சம் தள்ளுகிற மாதிரி, முப்பது-நாட்-ஆறு அறைகிற மாதிரி. இரண்டுமே ஒரு மணி நேரப் பயிற்சிக்கு ஆனவை அல்ல. லைசென்ஸில் எழுதிய தோட்டா எண்ணிக்கையும் அப்படியே கரையும்.

முக்கியமானது: ஆயுதச் சட்டம் மூன்றாம் பிரிவிலேயே, அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப் உறுப்பினர் குறிப் பயிற்சிக்கு வைத்திருக்கும் .22 ரைஃபிளுக்கு அந்த இரண்டு என்ற வரம்பு பொருந்தாது என்று இருக்கிறது. லைசென்ஸ் வேண்டும், ஆனால் உங்கள் இரண்டு இடத்தில் ஒன்றை அது பிடிக்காது. கிளப்பில் கடிதம் வாங்கிக்கொண்டு .22-க்கு விண்ணப்பியுங்கள். ஒரு துப்பாக்கியில் இரண்டு வேலையையும் முடிக்கப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பமே.

ஏலக்காடு

அக்கா, இந்த .22 விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. கலெக்டர் ஆபீஸில் போன மாதம் கேட்டபோது "இரண்டுதான், அவ்வளவுதான்" என்று அனுப்பிவிட்டார்கள். பிரிவைக் குறித்துக்கொண்டேன்.

கிளப்பில் இருப்பது 50 மீட்டர்தான். பெரிய போருக்கு இடம் இல்லை. இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும்.

வால்பாறை மழை

நான் தமிழ்நாட்டுப் பக்கம், தேயிலைத் தோட்டத்தில் வேலை. எங்களுக்கு இந்தக் கவலையே கிடையாது, ஏனென்றால் சுடவே முடியாது. 2025 ஜனவரியில் வந்த ஏற்பாட்டின்படி காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றைத் தாண்டினால்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து, இந்தப் பக்கம் இது. பன்றிக்கு எல்லை தெரியாததுதான் பாக்கி.

போடியிலிருந்து மேலே வருகிற நண்பர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் எந்த மாநிலம் வரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று இருந்தால் போடிமெட்டிலோ கம்பம்மெட்டிலோ செக்போஸ்டைத் தாண்டிய நிமிடமே அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. ஏலக்காடு அண்ணன் கோவைக்குக் குறி சுட வந்தாலும் அதே கதைதான்.

இனி நான் கேட்க வந்தது. பன்றியைத் துளைத்துக்கொண்டு போன குண்டு எங்கே போகும்? எங்கள் தோட்டத்தில் எந்தச் சரிவில் நின்று பார்த்தாலும் கீழே லயம் (தொழிலாளர் குடியிருப்பு) தெரியும். தகரக் கூரை. உள்ளே குழந்தைகள் தூங்கும். .315 வேகம் குறைவு என்பதால் அந்த வகையில் அது பாதுகாப்பா?

பழைய சிப்பாய்

நல்ல கேள்வி. பதில், இல்லை. இரண்டுமே மேல்நோக்கிப் போனால் கிலோமீட்டர் கணக்கில் போகும். .30-06 குண்டு மூன்று கிலோமீட்டரைத் தாண்டும். .315 அதைவிடக் குறைவு, அவ்வளவுதான். லயம் முந்நூறு மீட்டரில் இருக்கும்போது இந்த வித்தியாசத்தால் யாருக்கு லாபம்?

கனமான மெதுவான மொட்டைக் குண்டு பாறையில் பட்டால் உடையாமல் எகிறும். ஈய மூக்கு வைத்த வேகமான குண்டு பாறையில் சிதற வாய்ப்பு அதிகம், ஆனால் அதையும் நம்ப முடியாது. பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். இல்லையென்றால் விரல் குதிரைக்குப் போகவே கூடாது. நான் முதல் பதிவில் ஜூல் கணக்கு சொன்னபோது இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ராணுவத்தில் ரேஞ்சுக்குப் பின்னால் எப்போதும் ஒரு குன்று இருக்கும், அந்தப் பழக்கத்தில் விட்டுப்போச்சு.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

இதனால்தானுங்க எங்கள் சமதளத்தில் நான் மரத்தில் பரண் கட்டி, மேலிருந்து கீழே பார்த்து மட்டும் சுடுகிறேன். குண்டு தரைக்குள் போய்விடும். சைக்கிளில் பால் கொண்டுபோகிறவர்கள் மூன்றரை மணிக்கே கிளம்பிவிடுவார்கள், அதற்கப்புறம் ரைஃபிளைத் தொடுவதில்லை.

ஏலக்காடு

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

வால்பாறைத் தம்பி கேட்டது மண்டைக்குள்ளேயே நின்றது. நோட்டில் இருந்த இடங்களுக்கெல்லாம் பகலில் போனேன், பன்றி நின்ற இடம், நான் நின்ற இடம் இரண்டையும் வைத்து, அந்தக் கோட்டை நீட்டிப் பார்த்தேன். மொத்தம் பதினோரு இடம். நான்கில் மட்டும் பன்றிக்குப் பின்னால் நல்ல மண்மேடு, ஆள் உயரத்துக்கு மேல். மூன்றில் பாறை. இரண்டில் கோடு நேராகப் பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்ச் சரிவுக்குப் போகிறது, அங்கே பக்கத்துத் தோட்டத்து உலர்த்தும் ஷெட் இருக்கிறது, ராத்திரி முழுக்க அடுப்பெரியும், ஆள் இருப்பார். ஒன்றில் ரோடு. கடைசி ஒன்றில் என் வீடு. 12 போரில் எல்ஜி (பல பெரிய ஈய உருண்டைகள் அடங்கிய தோட்டா) போட்டுச் சுட்டபோது இதையெல்லாம் நினைத்ததே இல்லை, அதுவும் தப்புதான், ஆனால் ரைஃபிளாக இருந்திருந்தால் என்று நினைத்தபோது வியர்த்துவிட்டது.

ஆக, எந்த ரைஃபிள் எடுத்தாலும் அந்த நான்கு இடத்துக்குத்தான். நான்கிலும் தூரம் முப்பத்தைந்துக்குள். அதற்கு அப்பாவின் .315 போதும். குழலைச் சித்தூர்க்காரர் சொன்னபடி பார்த்தேன், வரி நன்றாக இருக்கிறது. அப்பா சுட்ட அன்றே துடைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார், அம்மா அதற்குத் திட்டுவார். தோட்டா சிக்கியதுண்டா என்று கேட்டேன். "1991-ல ஒருதடவை, அதுக்கப்புறம் அடுக்கத் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார்.

எழுபது வயது தாண்டியவர் வாரிசுக்கு மாற்றித் தரலாம் என்று 2016 விதியில் இருப்பதால் அந்த வழியில் விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. .22-க்குத் தனியாக, கிளப் கடிதத்தோடு. பக்கத்துத் தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான், ஸ்கோப்பை மட்டுமாவது எடுத்துக்கொள் என்றார். இருட்டில் முப்பது மீட்டரில் அது எனக்கெதற்கு?

பழைய சிப்பாய்

தோட்டா என்று பார்த்தால் நான் இன்னும் முப்பது-நாட்-ஆறு கட்சிதான், அதைப் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பதினோரு இடத்துக்கு நீங்கள் எடுத்த முடிவு சரி. அந்தப் பக்கத்துத் தோட்டக்காரரின் விவரத்தைத் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா? என் பெயரில் ஒரு இடம் காலி.

ரேஞ்ச் அக்கா

.22 வந்ததும் முதல் மாதம் தோட்டா போடாமல் சுவரைப் பார்த்துக் குறி பிடித்துப் பழகுங்கள். குதிரை விழும்போது முனை அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். 12 போர் பழகிய கை வெடுக்கென்று இழுக்கும். முதலில் உங்கள் .22-ஐச் சும்மா இழுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், விளிம்பில் அடிக்கிற ஊசி சிலவற்றில் கெட்டுப்போகும். காலித் தோட்டாக் கூடு ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டால் போதும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

சந்தோஷமுங்க. ஒரே ஒரு விஷயம். தேர்தல் அறிவித்ததும் எல்லாவற்றையும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024-இல் அப்படிக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பன்றி வாழைக்குள் புகுந்து விளையாடியது. உங்களுக்கு இனி மூன்று. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுத் தனித்தனி ரசீது கேட்டு வாங்குங்க. எனக்கு ஒரே ரசீதில் "துப்பாக்கி – 2" என்று எழுதிக் கொடுத்து, திரும்ப வாங்கப் போனபோது வேறொருவருடைய 12 போரை நீட்டினார்கள்.